தண்டவாளத்தில் வந்த போரும் புரட்சியும்

வணக்கம் நேயர்களே. ஐரோப்பாவைப் புரட்டிப்போட்ட போர்களையும் புரட்சிகளையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கூப்பிட்டார்கள். கிடைத்திருக்கிற கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது, அதனால் நான் ரயிலை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ரயில்வே கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அந்தப் பாசம் பேச்சில் கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

1870 ஜூலை 19ஆம் தேதி பிரான்ஸ், ஜெர்மன் நாடுகளில் பெரியதான பிரஷ்யா மீது போர் அறிவித்தது. பிரெஞ்சுப் படைக்கு நல்ல பெயர், கையில் இருந்த துப்பாக்கியும் எதிரியின் துப்பாக்கியைவிட அதிக தூரம் சுடக்கூடியது. ஆனால் பிரஷ்யத் தளபதி மோல்ட்கேயின் தலைமையகத்தில் ரயிலுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. எந்தப் படை எந்த ஊரில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் சமாதான காலத்திலேயே எழுதி வைத்தாயிற்று. 18 நாளில் சுமார் 4,60,000 பேரை எல்லையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் பக்கமோ ஆள் ஓர் ஊரில், அவனுடைய ரெஜிமென்ட் வேறோர் ஊரில், மெட்ஸ் நிலையத்தில் சாமான் இறக்க வழியில்லாமல் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. செப்டம்பர் 2ஆம் தேதி செடானில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் படையோடு சரணடைந்தார், இரண்டு நாளில் பாரிஸில் குடியரசு வந்தது, அடுத்த ஜனவரியில் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு பிறந்தது. ஒரு டைம்டேபிள் ஒரு பேரரசைக் கவிழ்த்து இன்னொன்றை உண்டாக்கியது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

தோற்ற பாரிஸில் 1871 மார்ச் 18 அன்று, மோன்மார்த்ர் மேட்டில் இருந்த பீரங்கிகளை எடுத்துப்போக வந்த அரசுப் படை மக்களோடு சேர்ந்துகொள்ள, பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் ஆட்சி எழுந்தது. மே கடைசியில் அதை ரத்தத்தில் மூழ்கடித்தார்கள். போரில் தோற்ற நாட்டில் அடுத்து வருவது புரட்சி என்ற வரிசையை ஐரோப்பிய அரசர்கள் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டார்கள். பார்த்தும் அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் என்னவோ வேறு: அடுத்த தடவை நம் வண்டி முந்த வேண்டும்.

அதன் விளைவு 1914, முதல் உலகப் போர். ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று ஒரு செய்தி வந்ததும், ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் தன் தளபதியைக் கூப்பிட்டு, மேற்கே பிரான்ஸ் பக்கம் போகிற படையை நிறுத்தி எல்லாரையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பு என்றார். தளபதி யார் தெரியுமா? பழைய மோல்ட்கேயின் அண்ணன் தம்பி வழியில் வந்த மகன், பெயரும் மோல்ட்கேதான். முடியாது, ஒரு வருஷ உழைப்பில் போட்ட ஏற்பாடு, திருப்பினால் கிழக்கே போய்ச் சேருவது படையாக இருக்காது, வெறும் கூட்டமாகத்தான் இருக்கும் என்றார். முன்பு ரயில்வே பிரிவின் தலைவராக இருந்த ஜெனரல் ஸ்டாப்ஸ், போருக்குப் பிறகு, ஏன் முடியாது, முடிந்திருக்கும் என்று ஒரு புத்தகமே எழுதினார். என் வேலை அனுபவத்தில் சொல்கிறேன், வண்டிகளைத் திருப்பலாம், ஆனால் அந்த ராத்திரி அதற்குத் துணிந்து கையெழுத்துப் போட ஆள் கிடைத்திருக்க மாட்டான். பிரிட்டன் ஒதுங்கும் என்ற செய்தி தவறு என்று அன்றே தெரிந்துபோனது, வண்டிகள் மேற்கே கிளம்பின. கொலோன் நகரத்து ரைன் பாலத்தில் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை சுமார் 2,150 ராணுவ வண்டிகள், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒன்று.

ஆனால் ரயில் தண்டவாளம் இருக்கிற இடம் வரைதானே போகும்? அதற்கு அப்புறம் காலும் குதிரையும்தான். பெல்ஜியத்தைத் தாண்டி பிரான்ஸுக்குள் இறங்கிய ஜெர்மன் வீரன் பின்வாங்கியவர்கள் உடைத்துவிட்டுப் போன பாதைகளில் நடந்தே வந்தான், பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ரோ தன் படைகளை உள்நாட்டு ரயிலில் ஏற்றிப் பாரிஸ் பக்கம் குவித்தார். மார்ன் நதிப் போர் என்றால் பாரிஸ் டாக்ஸிகள்தான் எல்லாருக்கும் நினைவு வரும். அழகான கதை, ஆனால் டாக்ஸியில் போனவர்கள் சில ஆயிரம் பேர், மற்றவர்கள் ரயிலில் போனவர்கள். தாக்குகிறவன் நடக்கிறான், தடுக்கிறவன் ரயிலில் வருகிறான்: இதனால்தான் எந்தப் பக்கமும் ஓட்டையைப் பெரிதாக்க முடியாமல் நான்கு வருஷம் பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள்.

ரஷ்யாவில் நடந்தது வேறு. அங்கே ரயிலே படுத்துவிட்டது. தானியம் நாட்டில் இருந்தது, ஆனால் 1917 குளிரில் எஞ்சின்கள் பழுதாகி நிற்க, ஓடிய வண்டிகளையும் போர்முனை விழுங்க, தலைநகர் பெட்ரோகிராடுக்கு மாவு வந்து சேரவில்லை. மார்ச் 8, பெண்கள் தினம். அவர்கள் பழைய காலண்டரில் அது பிப்ரவரி 23, அதனால்தான் பிப்ரவரிப் புரட்சி என்று பெயர். நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் நகரத்துப் படையும் அவர்கள் பக்கம். ஜார் நிக்கோலஸ் ராணுவத் தலைமையகத்திலிருந்து ரயிலில் கிளம்பினார், வழியை எதிர்த்தரப்பு பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு மாலயா விஷேரா நிலையத்தில் திரும்பினார், கடைசியில் பிஸ்கோவ் ஊரில் ரயில் பெட்டிக்குள்ளேயே மணிமுடியைத் துறந்தார். அதற்குள் புப்லிக்கோவ் என்ற ரயில்வே பொறியாளர், பாராளுமன்ற உறுப்பினரும்கூட, போக்குவரத்து அமைச்சகத்தைக் கைப்பற்றி, அங்கிருந்து நாடெங்கும் உள்ள நிலையங்களுக்குப் பழைய ஆட்சி விழுந்தது என்று தந்தி அடித்துவிட்டார். அரசாங்கம் மாறிய சேதி பல ஊர்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வழியாகத்தான் போனது என்றால் பாருங்கள்.

ஏப்ரலில் லெனின் சுவிட்சர்லாந்திலிருந்து ஜெர்மனி வழியாக வந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எதிரி நாட்டைக் குழப்ப ஜெர்மானியர்களே அந்த வண்டியை விட்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், அவர்கள் காலண்டர்ப்படிதான் சொல்கிறேன், நடந்தது. தளபதி கோர்னிலோவ் தலைநகரைப் பிடிக்கப் படையை ரயிலில் அனுப்பினார். ரயில்வேத் தொழிலாளிகள் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், வண்டிகளை நடுவழியில் நிறுத்தினார்கள், நின்ற வண்டியில் ஏறிச் சிப்பாய்களோடு பேசிக் கரைத்துவிட்டார்கள். 1870இல் தளபதிகளின் கையில் இருந்த சாவி எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன், தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் உள்நாட்டுப் போரில் செம்படைத் தலைவர் டிராட்ஸ்கி அச்சகம், தந்தி, ரேடியோ எல்லாம் வைத்த ஒரு கவச ரயிலிலேயே குடியிருந்து போர் நடத்தியதும், அந்தச் சாவி திரும்ப அதிகாரத்தின் கைக்கே போனதும் தனிக் கதை.

சரி, போர் முடிந்தது. ஆஸ்திரியா–ஹங்கேரிப் பேரரசு உடைந்து புது நாடுகள் வந்தன. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நாடு என்று மேடையில் பேசினார்கள், ஆனால் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தபோது ரயில் பாதை எங்கே போகிறது என்றும் பார்த்தார்கள். ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் நடுவே போட்ட கோட்டைப் பாருங்கள், அராத், ஒராதியா, சத்து மாரே ஊர்களை இணைக்கும் பாதை ருமேனியாவுக்குள் வரும்படி போட்டது. அதோடு லட்சக்கணக்கான ஹங்கேரியர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

தெஷன் என்று ஒரு சின்ன நகரம். செக்கோஸ்லோவாக்கியாவின் செக் பகுதியை ஸ்லோவாக்கியா பக்கத்தோடு இணைக்கும் முக்கிய ரயில் பாதை அதன் வழியாகப் போனது, அங்கே வாழ்ந்தவர்களில் போலிஷ் பேசுகிறவர்கள் ஏராளம். 1919 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என்ற இரண்டு புது நாடுகளும் அதற்காக ஒரு வாரம் அடித்துக்கொண்டன. 1920இல் வல்லரசுகள் தீர்ப்புச் சொன்னார்கள்: ஊரின் நடுவே ஓடும் ஒல்சா ஆறுதான் எல்லை, கோட்டையும் பழைய ஊரும் போலந்துக்கு, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. போலந்து அதை மறக்கவில்லை, 1938 அக்டோபரில் ஹிட்லர் செக் நாட்டைக் கூறுபோட்ட சமயம் பார்த்து மறுகரையையும் எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லை மறுபடி ஆற்றுக்கே வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2007 டிசம்பரிலிருந்து பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை மட்டும் கிடையாது. நன்றி, வணக்கம்.