என்ஜிசி 3198-இன் நிறை

நேயர்களுக்கு வணக்கம். சப்தரிஷி மண்டலத்தின் திசையில், வெறும் கண்ணுக்குத் தெரியாத தொலைவில், என்ஜிசி 3198 என்று ஒரு சுருள் விண்மீன் மண்டலம் இருக்கிறது. பெயரில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை பெரிய ஒன்றை எப்படி நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

விண்மீன்களுக்கு இடையே ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்கிறது. அது 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. நீளத்தில், ரேடியோ அலை வெளியிடும். நம் எஃப்.எம். ஒலிபரப்பு 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது; இது அதைப்போல் பதினான்கு மடங்கு. இப்படி ஓர் அலை வரவேண்டும் என்று 1944-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் நெதர்லாந்தின் வான் டி ஹல்ஸ்ட். 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் அதைப் பிடித்தார்கள்.

சரி, இதை வைத்து வேகத்தை எப்படி அளப்பது? வாயு நம்மை நோக்கி வந்தால் அதிர்வெண் கூடும், விலகிப் போனால் குறையும். என்ஜிசி 3198 மொத்தமாகவே நொடிக்குச் சுமார் 660 கி.மீ. வேகத்தில் விலகுவதால், அதன் நடுப்பகுதி 1417.3 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. ஒரு பக்கம் அதைவிட 0.7 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே, எதிர்ப்பக்கம் அதே அளவு கீழே. தட்டையான இந்த மண்டலம், ஒரு தட்டைப்போல், சுற்றுகிறது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் தட்டு நமக்குச் சாய்வாகத் தெரிகிறது. நம் பார்வைக்கோட்டில் வரும் வேகம் மட்டுமே கைக்குக் கிடைக்கும். வட்டத் தட்டு எவ்வளவு நசுங்கித் தெரிகிறது என்று பார்த்தால் சாய்வு சுமார் 72 பாகை. அதைத் திருத்தினால் சுழலும் வேகம் நொடிக்கு 150 கி.மீ.

இப்போதுதான் சிக்கல். சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கி.மீ. ஓடுகிறது, தூரத்து நெப்டியூனுக்கு ஐந்தரைதான். நிறை நடுவில் குவிந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். என்ஜிசி 3198-இல் விண்மீன் ஒளி தேய்ந்துபோன பிறகும் வாயு வெகுதூரம் நீள்கிறது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கில் வரிசையாக நிற்கும் 25 மீட்டர் ரேடியோ தொலைநோக்கிகளை வைத்து அதைத் தொடர்ந்து போனார்கள். வேகம் குறையவே இல்லை. மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு வரை அதே 150.

வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், அந்த எல்லைக்குள் இருக்கும் நிறை வரும்: சுமார் 15,000 கோடி சூரியன்கள். 1985-இல் வான் அல்பாடா, பாக்கால், பெகெமன், சான்சிசி நால்வரும் சேர்ந்து இதை வெளியிட்டபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இருண்ட பொருள், அதாவது ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள், அங்கே இருக்கவேண்டும் என்றார்கள்.

இருண்ட பொருள் என்றதும், விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை ஒளியை வைத்து அளந்த அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் பெருமைக்கு உரியவரே. ஆனால் ஒளியை வைத்து அளந்தவர்கள் ஒளி முடியும் இடத்தில் நின்றாக வேண்டும். அதற்கு அப்பால் அழைத்துப் போனது ரேடியோதான். 1978-இல் குரோனிங்கனில் ஆல்பர்ட் போஸ்மா தன் முனைவர் பட்ட ஆய்வில் பல மண்டலங்களுக்கு இதைச் செய்து காட்டிவிட்டார். அவரை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் ஒன்று. 1985-இல் இந்த மண்டலம் 3 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டார்கள். பிறகு ஹபிள் தொலைநோக்கி செஃபீட் விண்மீன்களை, அதாவது துடிக்கும் காலத்தை வைத்துத் தொலைவைச் சொல்லிவிடும் விண்மீன்களை, அளந்தது. தொலைவு சுமார் 4.5 கோடி என்று ஆனது. வேகம் மாறவில்லை, ஆனால் தொலைவு கூடியதால் மண்டலத்தின் ஆரமும் ஒன்றரை மடங்கானது. அதனால் அந்த 15,000 கோடியும் 22,000 கோடியைத் தாண்டிவிட்டது.