நாமும்தானே காசு கொடுத்தோம்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் நம் ஃபுளோரிடாவின் டாம்பா, ஆர்லாண்டோ சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"தீம் பார்க்கில் காசு கொடுத்து வரிசையைத் தாண்டுவது வசதியா, அநியாயமா?" இதுதான் தலைப்பு. அநியாயம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நன்றாகவே பேசினார். விமானத்தில் பிசினஸ் கிளாஸ் இருக்கிறது, அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. நம் ஊர்க் கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் இருக்கிறது, நாமே வாங்குகிறோம். டிஸ்னிலாந்து தொடங்கிய 1955லேயே ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசுதான். அப்புறம் இன்றைக்கு மட்டும் என்ன புலம்பல் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மண்ணெண்ணெய் கேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் திருச்சி உறையூரில் வளர்ந்தவன். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா கேனைக் கையில் கொடுத்து அனுப்புவார். எங்களுடையது பச்சைக் கேன். அடையாளத்துக்குக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருக்கும். அதை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, எட்டரை மணிக்குத் திரும்பிப் போனால் கேன் அதே இடத்தில் இருக்கும். அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை நடக்கும், வாசல் கோலத்துக்குக்கூடச் சண்டை நடக்கும். ஆனால் கேன் வரிசையில் யாரும் கை வைத்து நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டர் வைத்திருந்தவர் வீட்டுக் கேனும் எங்கள் கேனும் வந்த நேரப்படிதான் நின்றன.

டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது இந்தக் கேனேதான். ரைடு வாசலில் ஒரு இயந்திரம் இருக்கும். நுழைவு டிக்கெட்டை அதில் விட்டால் ஒரு சின்னக் காகிதம் வரும். இத்தனை மணிக்குத் திரும்பி வா, ஒரு மணி நேர அவகாசம் என்று அதில் அச்சாகியிருக்கும். காகிதம் உங்களுக்காக வரிசையில் நிற்கும், நீங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகலாம். காலையில் சீக்கிரம் எழுந்து வந்தவருக்கு நல்ல நேரம் கிடைக்கும், தாமதமாக வந்தவருக்குச் சாயங்காலம் கிடைக்கும். கோடீஸ்வரர் என்றாலும், ஒரு வருடம் சேமித்துவிட்டு வந்த பஸ் டிரைவர் என்றாலும் அதே இயந்திரம்தான். இதற்குத் தனிக் காசு கிடையாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காக்கள் மூடின. மறுபடி திறந்தபோது ஃபாஸ்ட்பாஸைக் காணோம். 2021 அக்டோபரில் இங்கே ஆர்லாண்டோவில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் அது திரும்பி வந்தது. இந்த முறை ஆளுக்கு, நாளுக்கு 15 டாலர். எல்லோரும் ஏறத் துடிக்கிற ஒன்றிரண்டு ரைடுகள் அந்தப் 15 டாலரிலும் சேராது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டிலேயே நிலையான விலை போய், கூட்டத்தைப் பொறுத்து நாளுக்கு ஒரு விலை ஆனது. 2024இல் லைட்னிங் லேன் என்று பெயர் மாற்றினார்கள். அதே 2024 அக்டோபரில் பிரீமியர் பாஸ் வந்தது. நேரம் குறிக்கவே வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போய் ஒவ்வொரு ரைடிலும் ஒரு தடவை முன்னால் ஏறலாம். அறிமுகமானபோது ஆர்லாண்டோவில் அதன் விலை, பூங்காவையும் தேதியையும் பொறுத்து, ஆளுக்கு 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. உள்ளே நுழைகிற டிக்கெட் இதில் அடங்காது, அது வேறு.

அந்த 449 டாலரை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு பூங்காவின் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடி 2023இல் ஒப்பந்தம் போட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 18 டாலர் என்று முடிவானது. வெயிலில் நின்று, பாஸைச் சரிபார்த்து, சிரித்த முகத்தோடு உள்ளே அனுப்புகிற அந்தப் பிள்ளைக்குப் பிடித்தம் எல்லாம் போவதற்கு முன்னால் அன்றைய கணக்கில் மூன்று முழு நாள் சம்பளம் அது. ஒருவர் ஒரு நாள் வரிசையில் நிற்காமல் இருப்பதற்கான விலை!

சரி, பிசினஸ் கிளாஸுக்கு வருகிறேன். அங்கே பணம் கொடுத்தவர் கால் நீட்டிப் படுக்கிறார். நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார். ஆனால் விமானம் தரையிறங்கும் நேரம் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். அவர் படுத்துக்கொண்டதால் நான் சென்னைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போவதில்லை. வரிசை அப்படியா? ஒரு ரைடு மணிக்கு 2000 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு முன்னால் 1000 பேர் நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால் அரை மணி நேரத்தில் ஏறிவிடுவேன். அதில் 1500 இடத்தைக் காசு கொடுத்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டால் எங்கள் வரிசைக்கு மிச்சம் மணிக்கு 500 இடம். அதே 1000 பேர் நகர இரண்டு மணி நேரம் ஆகும். ரைடு ஒரு நொடிகூட வேகமாக ஓடவில்லை, ஒரு இருக்கைகூடக் கூடவில்லை. அவருக்கு மிச்சமான நேரம் என் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிசினஸ் கிளாஸில் விமான நிறுவனம் தன் இருக்கையை விற்கிறது. இங்கே விற்பது என் இடத்தை.

நடுவர் அவர்களே, இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாதாரண வரிசை இருபது நிமிடத்தில் நகர்ந்தால் இந்தப் பாஸை யார் வாங்குவார்கள்? வரிசை நீள நீளத்தான் இது விலைபோகும். கூட்டத்தைக் குறைப்பதும் புதிய ரைடு கட்டுவதும் முன்பு பூங்கா நடத்துகிறவரின் கவலை. இன்றைக்குக் கூட்டமே வருமானம் என்று ஆகிவிட்டது. வலிக்கும் மருந்துக்கும் ஒரே கடை என்றால் அந்தக் கடைக்காரர் எதை விரும்புவார் என்று நீங்களே யோசியுங்கள்.

கோயிலுக்கு வருவோம். சிறப்பு தரிசனம் சரியா தவறா என்பது பெரிய விவாதம், அதற்கு இன்னொரு மேடை வேண்டும். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். திருமலையில் 300 ரூபாய் டிக்கெட் வாங்காதவர் இலவச வரிசையில் நிற்கிறார். அவரிடம் வாசலிலேயே யாரும் காசு வாங்கவில்லை. தீம் பார்க்கில் சாதாரண வரிசையில் நிற்பவர் இலவசமாகவா நிற்கிறார்? கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் கூட்ட நாளின் ஒரு நாள் டிக்கெட் 2024 அக்டோபரில் 206 டாலர் ஆனது. 200ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு கொடுத்தவரும் அங்கே தர்ம தரிசன வரிசையில்தான் நிற்கிறார்.

1955 பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. வாசலில் ஒரு டாலர், உள்ளே ரைடுக்குத் தனி. அப்புறம் டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று வகை பிரித்தார்கள், 1959இல் பெரிய ரைடுகளுக்கென்று ஈ டிக்கெட் சேர்ந்தது. 1983இல் அமெரிக்க விண்வெளி வீராங்கனை சாலி ரைடு விண்வெளிக்குப் போனபோது, இது நிச்சயம் ஈ டிக்கெட்தான் என்று அங்கிருந்து சொன்னார். அவ்வளவு தூரம் அமெரிக்கர் வாயில் புழங்கிய சொல் அது. ஆனால் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். ஈ டிக்கெட் வைத்திருந்த எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஈ டிக்கெட்டுக்கு மேல் ஒரு டிக்கெட் வாங்கி அவர்களைத் தாண்டிப் போக வழி இல்லை. 1982இல் அந்தப் புத்தகத்தையே எடுத்துவிட்டு, ஒரு முறை காசு கட்டினால் எல்லாமே உண்டு என்றார்கள். அந்த வாக்கை நம்பித்தான் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இப்போது என் சொந்தக் கதை. பூங்காவின் பெயர் வேண்டாம். போன வருடம் ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நான், மனைவி, ஆறு வயது மகள், அவர்கள் இருவர், ஆக ஐந்து பேர். வரிசை தாண்டும் பாஸ் அன்றைக்கு ஆளுக்கு 32 டாலர், ஐந்து பேருக்கு 160. டிக்கெட், பார்க்கிங், ஹோட்டல் என்று ஏற்கெனவே கை கடித்திருந்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஜூலை ஃபுளோரிடாவை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முட்டி வலிக்கு அம்மா ஒரு செயற்கைப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும், இரண்டு வரிசையும் ஒன்று சேர்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு இளைஞர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் கயிற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

என் மகள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்போதுதான் நூறு வரை எண்ணக் கற்றிருந்தாள். போகிறவர்களை எண்ண ஆரம்பித்தாள். பாட்டிக்குக் காட்ட வேண்டுமே, சத்தமாகவே எண்ணினாள். நாற்பதில் ஒரு தடவை தடுமாறினாள், தாத்தா எடுத்துக்கொடுத்தார். அறுபத்து மூன்று வரை போனது. அதுவரை நாங்கள் ஒரு அடி நகரவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "இவங்கல்லாம் எப்பப்பா வந்தாங்க?" என்று கேட்டாள்.

எப்போது வந்தார்கள் என்றுதான் கேட்டாள். வரிசை என்றால் வந்த நேரம் என்று அவளுக்குத் தெரியும், வகுப்பில் ஊஞ்சலுக்கு அப்படித்தான் நிற்க வைக்கிறார்கள். நான், "அவங்க காசு கொடுத்திருக்காங்கம்மா" என்றேன். "நாமளும்தானே கொடுத்தோம்?" என்றாள். பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் வேண்டுமென்றே காசை மிச்சம் பிடித்து அம்மாவை வெயிலில் நிறுத்தினான் என்று அவர் நினைக்கமாட்டார். ஆனால் எனக்கு அப்படித் தோன்றியது. இந்த ஏற்பாடு ஒரு நல்ல தகப்பனை அப்படி நினைக்க வைக்கிறது. சுற்றுலா போன இடத்தில் தன் பிள்ளை முன்னால் குறுகி நிற்க வைக்கிறது. அந்த 160 டாலரைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைப்பவர்களின் பணத்தில்தான் இது ஓடுகிறது.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று எதிரணியில் அடுத்து வருபவர் சொல்லக்கூடும். கடன் வாங்கிப் போகிறவர்களையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான். லெண்டிங்ட்ரீ என்ற அமெரிக்கக் கடன் சேவை நிறுவனம் 2024இல் எடுத்த கருத்துக்கணிப்பில், டிஸ்னி போனவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னும் அதிகம். பிள்ளைக்கு ஆறு வயது ஒரு தடவைதான் வரும் என்று தெரிந்து வைத்திருக்கிற வியாபாரம் இது. ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டலுக்கு இலவச பஸ் இருந்தது, 2021 முடிவோடு அதையும் நிறுத்தினார்கள். லைட்னிங் லேனை முன்கூட்டியே குறிக்க அவர்கள் ஹோட்டலில் தங்குபவருக்கு ஏழு நாள், வெளியே தங்குபவருக்கு மூன்று நாள். வரிசைக்குள் ஒரு வரிசை, அதற்குள்ளும் ஒரு வரிசை.

வரிசைக்கு விலை வைத்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு 130 டாலருக்கு வழிகாட்டி என்று அமர்த்தி, டிஸ்னியில் அவருக்கான சலுகையில் முன்னால் ஏறினார்கள் என்று 2013இல் நியூயார்க் போஸ்ட் பத்திரிகை எழுதியது. நாடே கொதித்தது. அந்த ஆண்டே டிஸ்னி விதியை மாற்றியது, 2024இல் இன்னும் இறுக்கியது. இன்றைக்கு உடல் உபாதையால் நிற்க முடியாத பலர் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்குத் திறந்திருக்கிற வழிகளில் ஒன்று, காசு கொடுத்து வாங்கும் பாஸ். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை.

விலை விஷயத்தில் சில இடங்களில் அளவு மீறிவிட்டிருக்கலாம் என்று டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகரே 2023 மார்ச்சில் முதலீட்டாளர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்ததுதான் அந்த 449 டாலர் பாஸ்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். என் பர்ஸில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். 2010இல் கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் டிஸ்னி போனபோது எடுத்த ஃபாஸ்ட்பாஸ். அன்றைக்கு மழை பெய்து அந்த ரைடு நின்றுபோனது, பயன்படுத்தவே இல்லை. மை மங்கிவிட்டது, ஆனால் 2.10 முதல் 3.10 வரை என்பது இன்னும் தெரிகிறது. அதில் ரைடின் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது. விலை இல்லை. உங்கள் மேசையில் வைக்கிறேன். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பித் தந்துவிடுங்கள், மகளுக்குக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.