கூத்தும் கொத்தும் ஒரு முழங்காலும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த கெட்டிக்காரர்களே, இடம் கிடைக்காமல் விசிறிக்கொண்டிருக்கிற பாவங்களே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் இத்தோடு போதும். எனக்குத் தந்திருப்பது பன்னிரண்டு நிமிடம். அதில் ஒரு நிமிடத்தைக் காலி வீதி பஸ் ஹோர்ன் எடுத்துக்கொள்ளும், இன்னொரு நிமிடத்தைக் கடற்கரையால் போகிற ரயில் எடுத்துக்கொள்ளும்.

பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பது பயனா, வீணா என்பது தலைப்பு. நான் பயன் என்ற பக்கம். நாடகமும் அரங்கியலும் படித்துப் பட்டம் எடுத்து, இந்தக் கொழும்பிலேயே ஒரு பாடசாலையில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறவள். இன்று நான் தோற்றால் நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்புக்குள் போவது? அதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கூத்துப் படித்தவன் கடைசியில் கொத்துத்தான் போடுவான்." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாம் வரிசையில் நீல சேர்ட் போட்ட ஐயா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். ஐயா, உங்களை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

என்னிடம் வேறு குறிப்புகள் இருந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு சொல்லியிருக்கிறது, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைக்கும் மூன்று பெயர் இருக்கிறது. இவ்வளவையும் எழுதி வைத்தவர்கள் இதை ஒரு படிப்பாக நினைக்காமலா எழுதினார்கள் என்று கேட்க வந்தேன். ஆனால் இப்போது அந்தத் தாளை மடித்து வைக்கிறேன். கொத்து ரொட்டியைத் தொட்டுவிட்டார்கள். இனி கொத்துத்தான்.

தலைவரே, கொத்துப் போடுகிறவரை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? சாப்பிட்டதைக் கேட்கவில்லை, பார்த்ததைக் கேட்கிறேன். சூடான தகடு, கையில் இரண்டு இரும்பு, ஒரு சீரான தாளம். அந்தச் சத்தம் கேட்டதும் பசி இல்லாதவனும் கழுத்தைத் திருப்புகிறான். மட்டக்களப்பில் மத்தளமும் சல்லரியும் அடித்து ஊரைக் கூத்துக் களரிக்குக் கூட்டுவார்கள். இங்கே கொழும்பில், வெள்ளவத்தையில் இதை அடித்துக் கூட்டுகிறார்கள். கூட்டம் வந்தபிறகு என்ன செய்கிறார்? முட்டையை ஒரு கையால் உடைக்கிறார். ஒரு கையால் உடைக்க வேண்டிய தேவை என்ன? சாப்பாட்டுக்கு ஒரு தேவையும் இல்லை. அது நமக்காக! நீங்கள் வசையாகச் சொன்னீர்கள், நான் அவரை எங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம், தலைவர் தான் கணக்கியல் படித்தவர் என்றும் சொன்னார். கணக்கியல் படித்தவருக்கு, இரவு பத்து மணிக்கு ஒரு கொத்துக்கடையில் எத்தனை பார்சல் போகிறது என்ற கணக்குத் தெரியாதா? நீங்களும் நானும் எங்கள் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் விரித்தால், அவர் பாவம் பார்த்து இரண்டு பேருக்கும் காசு இல்லாமல் குழம்பு ஊற்றுவார். சரி, இந்தப் பட்டிமன்றம் முடிந்ததும் எதிரணி எங்கே சாப்பிடப் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த மேசை அடியில் இருக்கிற பை என்ன மணக்கிறது என்று முன்வரிசைக்கும் தெரியும்.

வேலை கிடைக்காது என்றார்கள். கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் பதாகை பிடித்து நின்றதை நாம் எல்லோரும் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவர்கள். அங்கே நின்றவர்கள் எல்லோரும் நாடகமா படித்தார்கள்?

எதிரணிச் சகோதரி கேட்டது நல்ல கேள்வி. "நடிகமணி வைரமுத்து எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்?" எங்கள் இசை நாடக நடிகர் அவர், எதிலும் படிக்கவில்லை. மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாகப் பாடும்போது அழுத சனத்துக்கும் பட்டம் இல்லை. ஆனால் சகோதரி, கதையின் மறுபக்கத்தைப் பாருங்கள். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்ன செய்தார்? கிராமத்தில் விடிய விடிய ஆடிய கூத்தைத் தேடிப் போனார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரைக் கம்பஸுக்குக் கூப்பிட்டுவந்து, மாணவர்களை அவருக்கு முன்னால் நிறுத்தி, "ஆட்டம் பழகுங்கள்" என்றார். 1962இல் கர்ணன் போர் கூத்து மேடை ஏறியது. பிறகு இராவணேசன், அதில் இராவணனாக ஆடிய மாணவன்தான் பின்னாளில் பேராசிரியர் மௌனகுரு. பட்டம் படித்தவர்கள் கூத்தைப் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கிய காலத்தில், பட்டம் கொடுக்கிற இடமே அதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனது. அதற்கு முன் 1956இல், இங்கே பக்கத்தில், லயனல் வென்ட் அரங்கில் சரத்சந்திரவின் "மனமே" என்ற சிங்கள நாடகம் அரங்கேறியது. ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த நாடகம் எடுத்துக்கொண்ட "நாடகம" என்ற சிங்கள நாடக வடிவத்துக்கு வேர் எங்கே இருக்கிறது? எங்கள் கூத்தில். எழுபதுகளில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா படித்த குழந்தை சண்முகலிங்கம்தான் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். போதும். வரலாறு சொல்லச் சொல்ல நீல சேர்ட் ஐயா கொட்டாவி விடுகிறார்.

ஐயாவுக்காக ஒரு கதை. எங்கள் வீட்டுக் கதை.

ஏ.எல். பரீட்சை முடிவு வந்து எனக்கு மட்டக்களப்புக் கல்லடியில் இடம் கிடைத்தது, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். எங்கள் வீடு செத்த வீடு மாதிரி ஆனது. அப்பா பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை: மேல்மாடி அன்ரிக்கு என்ன சொல்வது? வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டு ரிசல்ட் லிஃப்டில் ஏறினால் எல்லா மாடியிலும் நின்று நின்றுதான் போகும்.

அதே லிஃப்டில் அன்ரி அம்மாவைப் பிடித்துவிட்டார். "மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதாம், என்ன படிக்கப் போறா?" அம்மா வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு "டிராமா" என்றார். அன்ரிக்கு ஒரு காது மந்தம். அவர் காதில் விழுந்தது "ட்ரோமா." அன்ரியின் மருமகன் லண்டனில் ட்ரோமா டொக்டர், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கிற பெரிய டொக்டர். அன்ரியின் முகம் மலர்ந்தது. "ஐயோ, நல்ல படிப்பெல்லோ!" அம்மா ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்கு வட்டி கட்டியது நான்.

அம்மாவிடம் கேட்டால் கதை வேறு மாதிரி. "நான் வடிவாத்தான் சொன்னனான் டிராமா எண்டு. அவவின்ட காதுக்கு நான் பொறுப்போ?" அப்பாவிடம் கேட்டால் இன்னும் வேறு. "லிஃப்டில சத்தம் கூட" என்பார். அவர் லிஃப்டிலேயே இல்லை!

முதல் விடுமுறை. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வந்து படுத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு பெல் அடிக்கிறது. கதவைத் திறந்தால் அன்ரி, கையில் பெரிய மண்ணிற உறை. எக்ஸ்ரே. "பிள்ளை, இந்த முழங்காலை ஒருக்கால் பாரும்." நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குசினிக்குள் போய்விட்டார். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தேங்காயே இல்லை.

நான் என்ன செய்வேன்? எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புருவத்தைச் சுருக்கினேன். முதலாம் வருட மாணவிக்கு அது மோசமான நடிப்பு இல்லை. அன்ரி மெதுவாகச் சொன்னார், "பிள்ளை, தலைகீழாப் பிடிச்சிருக்கிறீர்." அப்பாவின் பத்திரிகை ஞாபகம் வந்தது. பரம்பரை.

சமாளிக்க ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எப்ப இருந்து நோகுது, அன்ரி?" அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். எங்களுக்குக் கல்லடியில் அப்போதுதான் ஒரு பயிற்சி தந்திருந்தார்கள். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒரு ஆளைத் தெரிந்தெடுத்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். போன் இல்லை, குறிப்பு எழுதக்கூடாது. அந்தப் பழக்கத்தில் நான் அன்ரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பும்போது அவர் சொன்னார், "எந்த டொக்டரும் இவ்வளவு நேரம் என்னோட கதைக்கேல்லை."

அடுத்த வாரம் மூன்றாம் மாடி அங்கிள் சீனி வருத்தம் பார்த்த ரிப்போர்ட்டோடு வந்தார். கேட்டில் நிற்கிற செக்கியூரிட்டி ஐயா விரலைக் காட்டினார். எங்கள் வாசலில் செருப்பு வரிசை. அப்பா நம்பர் கொடுக்காத குறை. எதிரணி நண்பர்களே, வேலை இல்லை என்றீர்களே, முதலாம் வருடத்திலேயே எனக்குக் கிளினிக் இருந்தது!

ஒருநாள் அன்ரி, "பிரஷர் குளிசையை நிப்பாட்டட்டோ?" என்று கேட்டார். எனக்குக் குளிர் பிடித்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். "அன்ரி, நான் படிக்கிறது டிராமா. நாடகம். கூத்து." அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூத்தோ?" "ஓம்." "அப்ப என்ட எக்ஸ்ரேயைத் தாரும்." வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு பெல் அடித்தது. அன்ரி. கையில் உறை இல்லை. "கூத்தெண்டாலும் பரவாயில்லை பிள்ளை, கதைச்சுக்கொண்டிருப்பம்."

நடுவர் சிரிக்கிறார். நானும் இவ்வளவு நாள் சிரித்துத்தான் சொல்லி வந்தேன். மிச்சத்தை நான் மேடையில் சொன்னதில்லை.

அன்ரிக்கு இரண்டு பிள்ளைகள். மகள் லண்டனில், அந்த டொக்டரைக் கட்டியவர். இளைய மகன் 2007இல் ஒரு பின்னேரம் வெளியே போனவன், திரும்பி வரவில்லை. அன்ரி ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் கீழே இறங்கி கேட்டடியில் நிற்பார். லிஃப்ட் வேலை செய்யாத நாளும், கரன்ட் இல்லாத நாளும் படியால் இறங்குவார், படியால் ஏறுவார். முழங்கால் அப்படித்தான் போனது. இது எந்த எக்ஸ்ரேயிலும் விழாது. டொக்டர்கள் ஏன் நோகுது என்று கேட்டபோது, "வயசு" என்று சொன்னாராம்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் குழந்தை சண்முகலிங்கம் "அன்னை இட்ட தீ" என்று ஒரு நாடகம் எழுதினார். போரில் மனம் உடைந்தவர்களைப் பற்றியது. அந்த மனக்காயத்துக்கும் இங்கிலீஷில் பெயர் ட்ரோமாதான். அதை வகுப்பில் வாசித்தபோது எனக்கு லிஃப்டும் அம்மாவின் "ம்"மும்தான் ஞாபகம் வந்தன. அன்ரியின் காதுக்குக் கேட்டது அவ்வளவு பிழை இல்லையோ என்று அன்றைக்கு முதல் தடவையாக யோசித்தேன்.

இறுதி வருடத்தில் எனக்கு ஒரு தாயின் பாத்திரம். வசனம் குறைவு. நான் அன்ரியின் நடையை எடுத்தேன். படி இறங்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில். கேட்டடிக்கு வந்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, யாரோ வரப்போகிற மாதிரி நிமிர்ந்து நிற்பது. அந்த நாடகத்தைக் கொழும்பிலும் ஒரு தடவை ஒரு பாடசாலை மண்டபத்தில் போட்டோம். அப்பா அன்ரியை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். மேடையிலிருந்து பார்த்தேன், அம்மா அழுகிறார், அப்பா கண்ணாடியைத் துடைக்கிறார். அன்ரி அழவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து எல்லோரும் பின்னால் வந்தார்கள். அன்ரி கடைசியாக வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "எனக்கு நோகிறது வலது கால், பிள்ளை. நீர் இடதைப் பிடிச்சனீர்." அடுத்த நாள் காலை அந்த மண்ணிற உறையைக் கொண்டுவந்து தந்தார். "வடிவாப் பார்த்துப் படியும்."

அன்ரி இப்போது இல்லை. போய் இரண்டு வருடம். இளைய மகன் வரவில்லை. உறை என் அலுமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது வகுப்பின் முதல் நாள் அந்த எக்ஸ்ரேயை எடுத்துப் போய் யன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன், இப்போது நேராக. பிள்ளைகள் சிரிப்பார்கள், குசுகுசுப்பார்கள். பிறகு பின்வாங்கிலிருந்து யாராவது ஒரு பிள்ளை கேட்கும், "மிஸ், இது ஆரின்ட கால்?"

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.