வெள்ளம் பார்க்கப் போன கூட்டம்

(பவானியில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, பொதுப்பணித்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்று இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, இடம் கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, பின்னால் நிற்கும் கல்லூரித் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடைக்குப் பதிலாகப் பவானி ஜமக்காளத்தைப் போர்த்தினீர்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. நெய்தவர் கையாலேயே போர்த்தச் சொன்ன தலைவர் அவர்களுக்கு என் நன்றி. பொறியாளர் ஐயா அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்குப் போய்ச் சேரும்வரை வீட்டில் படுக்காதவர் என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசுவதை நான் பெருமையாக நினைக்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். புயலும் வெள்ளமும் வரும்போது நம் மனதுக்குள் ஏன் ஒரு துள்ளல் எழுகிறது என்பது ஒன்று. பஞ்சத்துக்கு ஏன் அந்தத் துள்ளல் இல்லை என்பது இரண்டு. நம் ஊர்ப் பள்ளங்களை, அதாவது மழை வந்தால் மட்டும் தண்ணீர் போகும் ஓடைகளை, என்ன செய்யப் போகிறோம் என்பது மூன்று.

'நமக்குக் கடல் இல்லை, புயல் இல்லை, கொங்கு நாட்டுக்கு என்ன பேரிடர்?' என்று கேட்பவர்கள் உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் நிலம் நடுங்கியது. அளவு 6-ஐ ஒட்டியது என்று கணித்திருக்கிறார்கள். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் பெரியவர்கள் வாயில் ஒரு காலக்கணக்காகவே நின்றுவிட்டது. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. கோவை நகரம் ஒரு வருஷம் முழுக்கப் பெறும் மழையை விட அது அதிகம். அவ்வளவு தண்ணீரும் பவானி ஆற்றுக்குத்தானே வர வேண்டும்? தண்ணி பள்ளத்தைத்தான் தேடும் என்று என் அப்புச்சி சொல்வார்.

2018 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். மேட்டூர் நிறைந்து உபரி நீர் வந்தது. கரையோரத்துச் சனங்கள் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் போய்த் தங்கினார்கள். அதே நாளில் பாலங்களின் மேல் எவ்வளவு கூட்டம்! குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், பல வருஷம் பேசாமல் இருந்து அன்றைக்குப் பேசியவர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். கண்கள் விரிய நின்றேன். அது குரூரம் இல்லை, அப்படி யாரும் வெட்கப்படவும் வேண்டாம். ஆபத்து கண்ணில் பட்டால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போகிறது, உடம்பு விழித்துக்கொள்கிறது. தினமும் பார்க்கும் ஆறு வேறு ஆறாகிவிடுகிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து தென்னையை வளைக்கும்போது, பொடுசுகள் வீட்டுக்குள் ஓடுவதில்லை, வெளியேதான் ஓடுகின்றன.

சார்லஸ் ஃபிரிட்ஸ் என்று ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்தில் படைப்பணியில் இருந்தவர். பேரிடரில் மக்கள் நெறிகெட்டு ஓடுவார்கள் என்ற நினைப்பு தவறு, அவர்கள் நெருங்கி வருகிறார்கள் என்று பின்னாளில் எழுதினார். அதற்கு எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரிலேயே பார்த்தேன்.

தாராபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்களுக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளம், அமராவதியில் போய்ச் சேருவது. வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல்; அதில்தான் கிட்டிப்புள் ஆடுவோம். 1977 ஐப்பசிக் கடைசி, நாகப்பட்டினத்தில் புயல் கரையேறிய சமயம். என் சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண் அக்கரை ஊர், முகூர்த்தம் பெண் வீட்டில், விடியற்காலம். சீர்க்கூடை, கட்டுச்சோறு, நாயனம், கல்யாணச் சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரர் எல்லாம் கிளம்பிப் பொழுது சாயப் பள்ளத்துக்கு வந்தால், மணலைக் காணோம். செந்நிறத்தில் இரு கரையும் முட்டிப் போகிறது வெள்ளம். அக்கரையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு பெண் வீட்டார்.

"ஏனுங் மச்சான், சோறெல்லாம் ஆக்கியாச்சுங்க! என்ன பண்றதுங்க?" என்று அங்கிருந்து ஒரு சத்தம்.

"அதைய நீங்களே உண்ணுங்க! நாங்க கட்டுச்சோத்தைப் பிரிச்சுக்கிறோம்!" என்று எங்கள் அத்தை இங்கிருந்து.

அப்புறம் இரண்டு ஊரும் கரைக்கு வந்துவிட்டது. எங்கள் நாயனக்காரர் ஒரு கீர்த்தனையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அக்கரை நாயனம் பதில் சொன்னது. இரைச்சலுக்கு மேல் இரண்டு நாயனமும் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டன. வைக்கோல் போர் ஒன்று மிதந்து போனது, உச்சியில் ஒரு சேவல். மொத்தக் கூட்டமும் அந்தச் சேவலுக்காகக் கத்தியது. வளைவில் போர் கரையை உரச, சேவல் பறந்து இறங்கியது. அந்தக் கைதட்டலை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. கிணற்று வழக்கில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பங்காளிகளில் ஒருவர், மழைக்காகத் தன் தலையில் மடித்துப் போட்டிருந்த கொங்காடையைக் கழற்றி மற்றவருக்குப் போட்டுவிட்டார். சித்தப்பா மட்டும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்து வெள்ளம் வந்த வேகத்தில் வடியும். கோழி கூப்பிடும் நேரத்துக்கு முழங்கால் அளவு வந்தது. கயிறு கட்டி, எல்லோரும் பிடித்து, ஒவ்வொருவராகக் கடந்தோம். பொழுது கிளம்புவதற்குள் தாலி ஏறிவிட்டது.

சரி, அந்த ராத்திரி ஏன் திருவிழாவாக இருந்தது? பள்ளத்துக்குள் யார் வீடும் இல்லை. தண்ணி பள்ளத்தைத்தான் தேடும். அது தேடி வந்தபோது பள்ளம் காலியாக இருந்தது, நாங்கள் மேட்டில் இருந்தோம். இன்று அந்தப் பள்ளத்தில் பாதி வீட்டுமனை. மீதியின் மேல் ஒரு தார்ச்சாலை, அதற்கடியில் இரண்டு சிமெண்டுக் குழாய். இரு கரையும் முட்டிப் போன வெள்ளம் இரண்டு குழாயில் அடங்குமா? மனை வாங்கியவர்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட்ட எளிய மனிதர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அளந்து கொடுத்தவர்கள் மேல் இருக்கிறது.

2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். விடியற்கால மழையில் சுவர் சரிந்து கீழே இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். அதே மழைச் சத்தத்தைக் கேட்டபடி, போர்வைக்குள் சுகமாகப் படுத்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வெள்ளத்தைப் பார்த்து வரும் துள்ளல், மேட்டில் இருப்பவனுக்குக் கிடைப்பது. அதைப் பள்ளத்தில் இருப்பவனுக்கும் கிடைக்கச் செய்வதுதான் நம் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பஞ்சத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் கோவையையும் சேலத்தையும் எப்படி வதைத்தது என்பதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், பள்ளத்துக்கே வந்துவிடுகிறேன்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது காலிங்கராயன் அணை. 1283-இல் முடிந்த வேலை. அதிலிருந்து பிரியும் வாய்க்கால் சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலைத் தொடுகிறது. ஏன் வளைகிறது? தண்ணி பள்ளத்தைத்தான் தேடும் என்று அதை வெட்டியவருக்குத் தெரியும். நிலத்தின் சாய்வைக் கேட்டுக்கேட்டு வெட்டினார். நாமோ ஈரோட்டுப் பெரும்பள்ளத்தையும் கோவைச் சங்கனூர்ப் பள்ளத்தையும் சாக்கடை என்று சொல்லப் பழகிவிட்டோம். பெயரில்லாத சின்னப் பள்ளங்கள் சாக்கடையாகக்கூட மிச்சமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் கணக்கான 'அ' பதிவேடு இருக்கிறது. அதில் ஓடைப் புறம்போக்கு என்று எந்தப் புல எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புலப்படத்தின் நகலை வாங்குங்கள். படத்தில் உள்ள அகலமும் தரையில் உள்ள அகலமும் ஒன்றா என்று நடந்து பாருங்கள். அக்டோபர் 2 கிராமசபையில், நில அளவையர் வந்து அளந்து இருகரையிலும் கல் நட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். உள்ளே குடியிருப்பவர்களுக்கு மேட்டில் மாற்று இடம் கொடுத்த பிறகுதான் ஒரு செங்கல்லைத் தொட வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். தம்பிகளே, வெள்ளத்தன்று செல்பேசியோடு பாலத்துக்கு ஓடுகிறீர்களே, அதே கால்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளத்தை முனையிலிருந்து ஆறு வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். மனுவின் மாதிரி வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் புல எண்ணும் மட்டும் நிரப்பினால் போதும். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.