ஆயிரம் அடி இடைவெளி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் விமானம் 34,000 அல்லது 36,000 அடியில் பறக்கும். மும்பையிலிருந்து சென்னைக்கு வருவது 33,000 அல்லது 35,000 அடியில் வரும். கிழக்கு நோக்கிப் போனால் ஒற்றைப்படை ஆயிரம், மேற்கே போனால் இரட்டைப்படை. நடுவில் ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர்.

அதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. உயரமானி உண்மையில் அளப்பது வெளியே உள்ள காற்றழுத்தத்தை. அது ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறும். அதனால் குறிப்பிட்ட உயரம் தாண்டியதும் எல்லா விமானிகளும் கருவியை 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே காற்றழுத்த அளவுக்குத் திருப்பி வைத்துவிடுவார்கள், தரையில் அழுத்தம் எதுவாக இருந்தாலும் சரி. அப்படியென்றால் 35,000 என்று காட்டுவது நிஜத்தில் சில நூறு அடி முன்னே பின்னே இருக்குமே? இருக்கட்டும். பக்கத்தில் வரும் விமானமும் அதே அளவு தப்பாகத்தான் காட்டும். இடைவெளி அப்படியே நிற்கும். யோசித்தவர் கெட்டிக்காரர்!

29,000 அடிக்கு மேல் கருவியின் துல்லியம் போதாது என்று முன்பு 2,000 அடி விட்டார்கள். கருவிகள் தேறியதும் 2003 முதல் இந்திய வானில் அங்கேயும் ஆயிரம்தான்.

சரி, சொன்ன உயரத்தில் விமானம் நிற்காவிட்டால்? 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000. டெல்லி ரேடார் அப்போது விமானம் எங்கே என்று காட்டும், எவ்வளவு உயரம் என்று காட்டாது. விமானத்திலிருந்து சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும். கஜகஸ்தான் விமானத்தில் வானொலியில் பேசியவருக்கோ தனி உயரமானி கிடையாது; விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் இதுவே மிகப் பெரியது.

அதன் பிறகு டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழி பிரித்தார்கள். மோதல் தவிர்ப்புக் கருவியையும் இந்தியா கட்டாயமாக்கியது. இரு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் சமிக்ஞை பரிமாறி, ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். தரையிலிருந்து கட்டுப்பாட்டாளர் வேறு மாதிரி சொன்னாலோ? 2002இல் ஜெர்மனியின் உபர்லிங்கன் வானில் இந்தக் குழப்பம் 71 உயிர்களை வாங்கியது. இப்போது விதி தெளிவு: கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.