கூடை போய்க் கத்தரி வந்தபோது

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலை வெட்டும் கத்தரியைப் பற்றிப் பேசப் போகிறேன். சமூக உறவுகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அதைத்தான் பேசப் போகிறேன், ஆனால் கத்தரியை விட்டுவிட்டு அதைப் பேச எனக்குத் தெரியவில்லை. உறவு, தொடர்பு என்றாலே நமக்கு மனிதர்கள் மட்டும்தான் கண்ணில் படுகிறார்கள். யாருக்கு யார் சொந்தம், யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள், எந்த இரண்டு குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை, இப்படி. நடுவில் கிடக்கிற சாமான்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றைச் சேர்க்காமல் நீலகிரியில் ஒரு உறவைக்கூட ஒழுங்காக விளக்க முடியாது என்பது என் கட்சி.

கையால் இலை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கூடை, அதன் பட்டை தலையில். இரண்டு கையும் செடி மேல் ஓடும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலிடையில் முறியும், கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசினால் கூடைக்குள் விழும், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். முற்றின இலையை விரலே ஒதுக்கிவிடும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. அதனால் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கிற பெண்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே போவார்கள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், இந்த மாதம் சீட்டு யாருக்கு விழுந்தது, எந்த டாக்டர் நன்றாகப் பார்க்கிறார், எந்த மேஸ்திரிக்குக் கை நீளம். ஊர்ச் செய்தி பாதி அந்த வரிசையில்தான் ஓடியது.

கத்தரி வேறு மாதிரி. நீளமான இரண்டு அலகு, வெட்டின இலை விழ மேலே ஒரு தட்டு அல்லது பை. இரண்டு கைப்பிடியையும் பிடித்துச் சரக் சரக்கென்று வெட்ட வேண்டும், நிறைந்ததும் சாக்கில் கொட்ட வேண்டும், சாயங்காலம் தோளைத் தூக்க முடியாது. அலகு நீட்டிக்கொண்டிருப்பதால் பக்கத்தில் ஆள் ஒட்டி நிற்கவும் முடியாது, தள்ளித்தான் நிற்க வேண்டும். பேச்சு குறைந்துபோனது. பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. மேஸ்திரிகள் காலங்காலமாகக் கத்திக் கத்தி நடக்காத காரியத்தை ஒரு இரும்புச் சாமான் செய்துவிட்டது.

கத்தரியைத் திட்ட வரவில்லை. கையால் எடுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இலை வெட்டலாம். பிள்ளைகள் படித்துவிட்டுக் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட ஊரில், எஸ்டேட்காரர்களே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் கூட்டிவருகிற காலத்தில், அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்? எங்கள் வீட்டிலும் கத்தரிதான்.

ஆனால் அது எதையும் தேர்ந்தெடுக்காது. ஒரே மட்டமாக வெட்டும், கொழுந்தோடு முற்றின இலையும் தண்டும் சேர்ந்து விழும். சரி, அப்படிப்பட்ட இலையை ஃபேக்டரி எப்படி வாங்கிக்கொள்கிறது? அங்கே உள்ளே இன்னொரு இயந்திரம் காத்திருக்கிறது. 1930-களில் அசாமில் உருவான சிடிசி. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வேறுவேறு வேகத்தில் சுற்றி இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாகத் தள்ளிவிடும். இலையை முறுக்கிப் பதப்படுத்துகிற பழைய முறையில் முற்றின இலை கண்ணுக்குத் தெரியும், இதில் குருணையோடு குருணையாகப் போய்விடும். நீலகிரித் தேயிலையை சோவியத் யூனியன் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தவரை யாரும் அதைப் பெரிதாக உற்றுப் பார்க்கவும் இல்லை. 1991-இல் அந்த நாடே கலைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்து இங்கே மறியலும் போராட்டமுமாக இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இலை மட்டம், அதனால் விலை மட்டம். விலை மட்டம், அதனால் கையால் எடுக்கிற கூலி கட்டாது, அப்புறம் திரும்பவும் கத்தரிதான். விவசாயியைக் கேட்டால் ஃபேக்டரியைக் காட்டுவார், ஃபேக்டரியில் கேட்டால் விவசாயியைக் காட்டுவார்கள். கத்தரியையும் உருளையையும் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

இலை எடை போடுகிற ஷெட்டுக்கு வாருங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலை அங்கத்தினர்கள் கதை கொஞ்சம் வேறு, தனியார் ஏஜெண்டிடம் இலை போடுகிறவர்களைச் சொல்கிறேன். ஏஜெண்டிடம் ஒரு நோட்டு இருக்கும். ஒரு பக்கம் கிலோ, மறுபக்கம் முன்பணம். உரத்துக்கு, ஸ்கூல் ஃபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மகள் கல்யாணத்துக்கு, எல்லாம் அதே நோட்டில். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கிற இன்னொரு ஏஜெண்ட் வந்து நின்றாலும் இலை அவர் பக்கம் போகாது. ஆபத்துக்கு உதவினவரை விடக்கூடாது என்று வெளியே சொல்லிக்கொள்வோம், அது பொய்யும் இல்லை, ஆனால் அந்த நோட்டு இல்லாமல் அந்த நன்றி அத்தனை வருஷம் தாங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தராசும் அப்படித்தான். முன்பு கொக்கித் தராசு. சாக்கை மாட்டியதும் முள் ஆடும், ஆடி நிற்பதற்குள் ஏஜெண்ட் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார், அதிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார், மழை நாளில் கழிவு கூடும், அதோடு முணுமுணுப்பும் கூடும். எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு எடையைப் பற்றிய சண்டை நின்றது. ஈரத்துக்கு எவ்வளவு என்கிற சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதை அந்தத் தராசு காட்டாது, இன்னும் ஏஜெண்ட் வாய்தான் சொல்கிறது.

இப்படி யோசிப்பது என் சொந்தச் சரக்கு இல்லை. பிரான்சில் புருனோ லத்தூர், மிஷேல் கலோன், இங்கிலாந்தில் ஜான் லா என்று சமூகவியலாளர்கள் சிலர் 1980-களிலேயே இந்த வழியில் எழுதத் தொடங்கினார்கள். 2022-இல் காலமான லத்தூர் சொன்ன ஒரு உதாரணம் ஊட்டிக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். வெளியே போகும்போது அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று விடுதிக்காரர் சொல்லிப் பார்க்கிறார், போர்டு எழுதி மாட்டுகிறார், பாதிப் பேர் கேட்பதில்லை. சாவியில் ஒரு கனமான குண்டைக் கோத்துவிடுகிறார். யாரும் சொல்லாமலே சாவி மேசைக்கு வந்துவிடுகிறது. நம் லாட்ஜுகளில் குண்டுக்குப் பதில் மரக்கட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். கலோன் 1986-இல் எழுதியது கடல் சிப்பியைப் பற்றி. பிரான்சின் வடமேற்குக் கடற்கரையில் சிப்பி குறைந்துகொண்டே போக, ஜப்பானில் கண்ட முறையில் அதை வளர்க்க மூன்று ஆராய்ச்சியாளர்கள் முயன்றார்கள். மீனவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், சக விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்ள வேண்டும், சிப்பிக் குஞ்சுகளும் ஒத்துக்கொண்டு கடலுக்குள் இறக்கிய பையில் ஒட்ட வேண்டும். முதலில் ஒட்டியவை பிறகு ஒட்டவில்லை, மீனவர்களும் ஒருநாள் புகுந்து வாரிவிட்டார்கள். மனிதரையும் சிப்பியையும் ஒரே மாதிரி நடத்தி அவர் எழுதியதற்கு நிறைய எதிர்ப்பு. எனக்கும் அதில் முழுச் சம்மதம் கிடையாது. கத்தரிக்குப் பசி இல்லை, கூலி பாக்கி என்று அது வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. உறவில் அதற்குப் பங்கு உண்டு என்பேன், கேள்வி கேட்க வேண்டியது மட்டும் மனிதரை.

நம் மலையில் வாழ்ந்த சமூகங்களுக்குள் அந்தக் காலத்தில் இருந்த கொடுக்கல் வாங்கல் முறையைப் பாருங்கள். தோடரிடம் எருமை, அதனால் நெய். படகரிடம் சாமையும் ராகியும். கோத்தரிடம் இரும்பு வேலை, மர வேலை, பெண்கள் வனைகிற மண்பானை, கூடவே இசை. குறும்பரிடம் தேனும் காட்டுப் பொருளும், அவர்கள் மந்திரத்தின்மேல் மற்றவர்களுக்கு இருந்த பயமும். காசுக்கு அதில் பெரிய வேலை இல்லை. இன்ன படகர் குடும்பத்துக்கு இன்ன கோத்தர் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தது. அரிவாள் மழுங்கினால் அவரிடம்தான் போக வேண்டும், அறுவடை ஆனதும் அவர் பங்குத் தானியம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், சாவு விழுந்தால் அதே கோத்தர்கள் குழலும் தப்பட்டையுமாக வந்து நிற்க வேண்டும். ஒரு அரிவாள் போதும், அதைப் பிடித்துக்கொண்டே வயல், பந்தி, பாடை எல்லாவற்றுக்கும் போய்விடலாம்.

அது எப்படி அறுந்தது? படகர் தொகை பெருகிக்கொண்டே போனது, கோத்தர்கள் ஏழு ஊரில் ஆயிரத்துச் சொச்சம் பேராகவே இருந்தார்கள். ஒரு பட்டறை எத்தனை வீட்டுக்கு அடித்துக் கொடுக்கும்? சல்லிவன் என்ற ஆங்கிலேய கலெக்டர் காலத்தில் வந்த உருளைக்கிழங்கு, காசுக்கு விற்கிற பயிர். ரயில் 1899-இல் குன்னூர் வரை ஏறியது, 1908-இல் ஊட்டி வரை வந்துவிட்டது. பஜாரில் அரிவாள் தொங்கியது. 1930-களில் படகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் சாவுக்குக் கோத்தர் இசை வேண்டாம் என்று கிளம்பினார்கள். இதைச் சிலர் முன்னேற்றம் என்கிறார்கள், சிலர் மேட்டிமை என்கிறார்கள், இரண்டு பேருமே மனசை மட்டும்தான் பார்க்கிறார்கள். எனக்குப் படுவது, அரிவாள் கடைக்குப் போன பிறகுதான் இசை வேண்டாம் என்று சொல்கிற துணிச்சல் வந்தது. அரிவாளுக்காக ஒருவர் வாசலில் போய் நின்றுகொண்டே அவர் குழலை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

தோடர்களின் பால் கோயில், அதாவது எருமைப் பால் கடைகிற இடமே கோயிலாக இருப்பது, இன்னும் நுணுக்கமானது. 1901-02-இல் இங்கே வந்து தங்கிய ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் அதைப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்தார். எருமையையும் பாலையும் தொடுகிற பாத்திரங்கள் உள்ளே, வெளியுலகத்துக்குப் போகிற மோரையும் நெய்யையும் தொடுகிற பாத்திரங்கள் வெளியே. உள்பாத்திரத்திலிருந்து வெளிப்பாத்திரத்தில் நேராக ஊற்றக் கூடாது, இடையில் இன்னொரு பாத்திரம் வேண்டும், அதற்கு அதுதான் வேலை. பூசாரியின் தகுதி எந்த எருமைகளையும் எந்தப் பாத்திரங்களையும் அவர் கையாள்கிறார் என்பதைப் பொறுத்தது. பெண்களுக்கு உள்ளே இடமே கிடையாது.

பிறகு அந்தப் புல்வெளிகளில் சீகையும், யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் நட்டார்கள். மேய்ச்சல் சுருங்கியது, எருமை குறைந்தது, எருமை குறைந்தால் பால் கோயிலில் பூசாரிக்கு என்ன வேலை? அதே நேரத்தில் பூத்துக்குளி, சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் கையால் பூவேலை செய்கிற வெள்ளைப் போர்வை, கடைக்கு வந்தது. இறந்தவருக்கும் போர்த்துகிற துணி அது. அந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அதே பூவேலை செல்போன் பையிலும் சால்வையிலும் ஏறி விற்கிறது, பல மந்துகளில், அதாவது தோடர் ஊர்களில், பெண்கள் கையில் காசு புழங்குகிறது. இதில் எது நல்லது எது கெட்டது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், எருமை போனதை நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் எருமையோடு இருந்த மரியாதையில் பெண்களுக்குப் பங்கு குறைவாக இருந்ததும் உண்மைதான்.

புதுச் சாமான்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற அனுமதி. டிஎன் 43 என்று தொடங்கும் நம்பர் பிளேட் உள்ள வண்டி உள்ளூர், மற்றதெல்லாம் வெளியூர். கல்லாறு சோதனைச் சாவடியில் உங்கள் ஊரையும் பேரையும் யாரும் கேட்பதில்லை, தகரத்தைப் பார்க்கிறார்கள். இங்கேயே பிறந்து கோவையில் பழைய கார் வாங்கினவர் பாடு திண்டாட்டம்.

கத்தரிக்குத் திரும்பி வருகிறேன். இப்போது பேட்டரி மெஷின் வந்துவிட்டது. முதுகில் பேட்டரி, கையில் அலகு. பெட்ரோலில் ஓடுகிற பெரிய ரகத்தை இரண்டு பேர் செடியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் பக்கம் நான் பார்த்தவரை மெஷின் ஆண்கள் கையில், சாக்கு தூக்குவதும் களை எடுப்பதும் பெண்களுக்கு, கூலியும் அதற்கேற்றபடி. மெஷின் கனம், பெண்களுக்கு முடியாது என்கிறார்கள். நனைந்த இலைக் கூடையைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கினது யாராம்? கனம் ஒரு காரணமே இல்லை. மெஷினைக் கடைக்காரர் வந்து ஓட்டிக் காட்டின அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் காட்டில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள், கற்றுக்கொண்டது டீக்கடை வாசலில் நின்ற ஆண்கள். அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் ஊரில் சுய உதவிக் குழுப் பெண்கள் மானியத்தில் மெஷின் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எவ்வளவு விலை, எத்தனை வருஷம் வாரண்டி என்றெல்லாம் விசாரித்துவிட்டார்கள். நான் அவர்களிடம் கேட்டது வேறு: ராத்திரி பேட்டரி யார் வீட்டில் சார்ஜ் ஏறும்? தலைவியின் வீட்டில், அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். அப்படியென்றால் காலையில் மெஷின் எந்தத் தோட்டத்துக்கு முதலில் போகும் என்பதையும் வீட்டுக்காரர்தான் சொல்வார். குழுவின் கூட்டம் நடக்கிற சமுதாயக் கூடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் போட்டு, பூட்டுச் சாவியைக் குழுவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கரண்ட் பில் யார் கட்டுவது என்பதில் பேச்சு நிற்கிறது.

நன்றி, வணக்கம்.