துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு பாதிரியார்

வணக்கம். இன்றைக்கு ஜோனதன் ஓடெல். அமெரிக்கப் புரட்சியின்போது பிரிட்டிஷ் பக்கம் தாவிய தளபதி பெனடிக்ட் அர்னால்டின் துரோகக் கதையில் ஒரு வரியில் வந்துபோகிற பெயர். என்னைக் கேட்டால் அர்னால்டைவிட இவர்தான் சுவாரசியமானவர்.

1737-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பிரிட்டிஷ் படையில் மருத்துவராக மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தார். பிறகு லண்டனில் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்று, 1767-இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டன் ஊருக்கு மிஷனரியாக வந்தார். அனுப்பியது எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம். நெல்லைக்காரர்களே, பின்னாளில் இடையன்குடி கால்டுவெல் பணியாற்றிய அதே சங்கம்தான்! ஓடெல் ஊரில் வைத்தியமும் பார்த்தார்.

இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் குருவாக வேண்டுமானால் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். ஆராதனையிலும் அரசருக்காக ஜெபிக்க வேண்டும். புரட்சி வெடித்ததும் அந்த ஜெபமே குற்றமாகிவிட்டது.

1776 டிசம்பர். டெலவேர் ஆற்றில் ரோந்து வந்த புரட்சிப் படகுக்காரர்கள் ராஜ விசுவாசிகளை வேட்டையாடுகிறார்கள். மார்கரெட் மோரிஸ் என்ற விதவை, போரையே ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஓடெலைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறார். துணி அலமாரியின் பின்புறம் வழியாக நுழையும் இருட்டறை அது. ஆயுதங்களோடு ஆட்கள் கதவைத் தட்டியதும், மணியைப் பலமாக அடிக்கிறார் அம்மையார். அதுதான் உள்ளே இருப்பவருக்கு எச்சரிக்கை. பிறகு ஒன்றும் அறியாத முகத்தோடு கதவைத் திறந்து, 'நீங்கள் ஹெஸ்ஸியன் கூலிப்படையினர் இல்லையே?' என்று, பிரிட்டனுக்காகப் போரிட்ட ஜெர்மானியர்களைச் சொல்லிக் கேட்கிறார். என்ன துணிச்சல் பாருங்கள்! இதை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

எந்தப் பக்கமும் சேராத ஒரு பெண் இவர் உயிரைக் காத்தாரே, மனிதர் கொஞ்சம் இளகியிருப்பார் என்று நினைப்போம். இல்லை. நியூயார்க்குக்குத் தப்பியோடி, வாஷிங்டனைக் கிழித்துத் தொங்கவிடும் வசைக்கவிதைகளை எழுதித் தள்ளினார்.

1779-இல் அர்னால்டுக்கும் பிரிட்டிஷ் உளவு அதிகாரி மேஜர் ஆந்திரேவுக்கும் நடுவே ரகசியக் கடிதங்கள் இவர் கைவழியாகப் போயின. கண்ணுக்குத் தெரியாத மை. மூலையில் எஃப் என்று குறித்திருந்தால் நெருப்பில் காட்ட வேண்டும். ஆவலாகக் காத்திருந்த கடிதமொன்று வந்தது. சூடு காட்டினார். வழியில் ஈரம்பட்டு மை பரவியதால் எல்லாம் ஒரே கறை, ஒரு வரிகூடத் தேறவில்லை. வெட்கத்தால் செத்துப்போகிறேன் என்கிற தொனியில் ஆந்திரேவுக்கு எழுதினார். வசையில் புலி, உளவில் அவ்வளவு ராசியில்லை.

ஆனாலும் அரசர் மறக்கவில்லை. 1784-இல், இன்றைய கனடாவில் இருக்கும் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் செயலாளர் பதவி. 1812-இல் விலகியதும் அதே நாற்காலியில் மகன் உட்கார்ந்தார். மகனின் பெயர் வில்லியம் ஃபிராங்க்ளின் ஓடெல். புரட்சியின் பெரிய மனிதரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பிறந்தும், அரசர் பக்கமே நின்ற ஆளுநர் வில்லியம் ஃபிராங்க்ளினின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்!